முதுகில் எஞ்சின் கட்டிப் பறந்தவனுக்கு

இன்று காலை பக்கத்துத் தோட்டத்துக்காரன் புல் வெட்டுகிற மிஷின் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து கயிற்றை இழுத்தான். மூன்றாவது இழுப்பில் அது கத்த ஆரம்பித்தது. ஆயில் கலந்த பெட்ரோல் கருகுகிற வாடை வேலியைத் தாண்டி என் அடுப்படி வரைக்கும் வந்தது. கையிலிருந்த கரண்டியைச் சட்டிக்குள்ளேயே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி ஆகாயத்தை அண்ணாந்து பார்த்தேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் அந்தச் சத்தம் கேட்டால் நான் மேலேதான் பார்க்கிறேன். பாழாய்ப்போன புத்தி.

மேலே பனி மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் வந்ததே ஒரு ஆத்திரம், அது பக்கத்துத் தோட்டத்துக்காரன் மேல் வரவில்லை. உன் மேல்தான் வந்தது. உள்ளே போய் அலமாரியில் சீரகப் பாட்டிலுக்குப் பின்னால் இருந்த பிலிம் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கறுப்பு டப்பா, சாம்பல் மூடி. அது எதற்கு என் வீட்டில் இருக்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அவசரப்படாதே. உனக்கு அவசரம் என்றைக்கும் ஆகாது.

உயிரோடு இருந்தவரைக்கும் உன்னை 'சார்' என்றேன். வாங்க, போங்க என்றேன். பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிற குடும்பம், ஐம்பது வயது தாண்டிய ஆள் என்று மரியாதை. இந்தக் காகிதத்தில் அது கிடையாது. நீ, உன்னை, உனக்கு என்றுதான் எழுதப்போகிறேன். வந்து கேட்கவா போகிறாய்? செண்பகனூரில் பத்தாவது வரைக்கும் படித்தவள் என்பதால் எங்கள் ஊரில் மனு எழுத என்னிடம்தான் வருவார்கள். உன் மேலும் ஒன்று எழுதினேன், நீயே வாங்கிப் படித்தாய். அதில் விட்டுப்போனதை இதில் எழுதுகிறேன்.

எங்கள் காலை நேரம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாமலே எங்கள் தலைக்கு மேல் வந்து பறந்தவன் நீ. சிலோன் தோட்டத்திலிருந்து வந்து இந்தச் சரிவில் குடியேறிய பதினைந்து வீடு நாங்கள். கேரட்டும் பீன்ஸும் மலைப்பூண்டும்தான் சோறு. ராத்திரி காட்டுமாடு இறங்கி மேயும், விடிந்த பிறகும் சிலது போகாமல் பந்தல் ஓரம் நிற்கும். விடிகாலைப் பனியில் நாலு அடிக்கு அப்பால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் தோட்டத்துக்குள் இறங்கும் முன் மேட்டு விளிம்பில் எல்லோரும் நின்றுவிடுவோம். பேசக் கூடாது, இருமக் கூடாது, செருப்பை உரசக் கூடாது. ஒரு ஆள் மட்டும் காது வைப்பார். காட்டுமாடு நின்றால் மூக்கால் புஸ்ஸென்று சீறும், இலையைக் கிழிக்கிற சத்தம் வரும், வேலிக்கம்பி லேசாக அதிரும். அந்த ஆள் 'ஒண்ணுமில்ல' என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். இது நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம். எங்கள் வரிசையில் காது வைக்கிறவள் நான்தான்.

நீயும் விடிகாலையில்தான் வந்தாய். காற்று அசையாத நேரம் அதுதான் என்று பிறகு எனக்கு விளக்கினாய். ஐப்பசி மழை விட்ட சமயம், எங்கள் மந்தைப் புல்மேட்டில் ஒரு வேன் வந்து நின்றது. கம்பிக்கூண்டு ஒன்றை இறக்கினாய். அதற்குள் எஞ்சின், எஞ்சினுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு மரவிசிறி. அதை முதுகில் கட்டிக்கொண்டு, பாராசூட் மாதிரி ஒரு மஞ்சள் துணியைப் புல்லில் விரித்துப்போட்டு, அந்த வயதில் வேட்டைநாய் துரத்துவது போல ஓடினாய். ஓடி ஓடி மேலே போய்விட்டாய். பாராமோட்டாராம். ஊர் முழுக்க வாய் பிளந்து பார்த்தது. நானும் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அந்தச் சத்தம் ஒரு மணி நேரம் தலையைச் சுற்றிச் சுற்றி வந்தது. எருமை கயிற்றை அறுத்தது, கோழி முட்டையிடாமல் போனது. வாரத்துக்கு நாலு நாள், நீ வந்துகொண்டே இருந்தாய்.

என் வீட்டுக்காரர் மாரிமுத்துவைக் காட்டுமாடு குத்தியது அந்த மார்கழியில். அன்றைக்கு மேட்டு விளிம்பில் நான் காது வைத்து நின்றேன். நீ மேலே இருந்தாய். உன் எஞ்சின் சத்தத்தில் என் மூச்சே எனக்குக் கேட்கவில்லை. கீழே ரோட்டில் சரக்கு ஏற்ற வந்த ஜீப்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"என்னா புள்ள, எறங்கலாமா? வெரசா சொல்லு, ஜீப்புக்காரன் போயிருவான்" என்றார் இவர்.

"ஒண்ணுமில்ல, போங்க" என்றேன்.

அவர் இறங்கிப் பத்து எட்டு வைத்திருப்பார். பந்தலுக்குப் பின்னால் நின்றது அவரைத் தூக்கி எறிந்ததைக்கூட நான் கேட்கவில்லை. அவர் கையிலிருந்த கூடை பனிக்கு மேலே எழும்பி விழுந்ததைத்தான் பார்த்தேன். இடுப்பு எலும்பு உடைந்து நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்கப்புறம் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார். எல்லோரிடமும் உன்னைத்தான் சொன்னேன். 'அந்தப் பறக்கிற பய சத்தத்துல ஒரு எழவும் கேக்கல' என்றேன். கேட்காமலே 'ஒண்ணுமில்ல' என்று சொன்ன வாய் என்னுடையது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. நீ இருந்தாயே, திட்டுவதற்குத் தோதாக, தலைக்கு மேலே, மஞ்சளாக.

மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி ஊராட்சியில் கொடுத்தேன். அதைக் கேள்விப்பட்டு நீ வீட்டுக்கே வந்தாய், கையில் ஒரு பஞ்சாமிர்த டப்பாவோடு. திமிரைப் பார் என்று நினைத்தேன். வாசலில் நின்று, "தெரியாமப் போச்சு தாயி. கீழ ஆளுக காது வச்சு நிப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாய்.

"யாருக்கு யாரு தாயி? தெரிஞ்சுக்கிட்டுப் பறந்திருக்கணும் சார்" என்றேன்.

"மாப்பு கேக்கத்தான் வந்தேன். ஆஸ்பத்திரிச் செலவு..."

"ஒங்க காச நீங்களே வச்சுக்கங்க. அந்த மிஷின எங்க மேட்டுக்குக் கொண்டாராதீங்க. அது போதும்."

நீ போகவில்லை. ஊர்க்கூட்டத்துக்கு வந்தாய். பள்ளிக்கூட வராந்தாவில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று நீ பேசியது அப்படியே என் காதில் இருக்கிறது. "நாப்பது வருஷம் வாழைப்பழம் பெசஞ்ச கைங்க இது. கடையத் தம்பிட்ட குடுத்துட்டு வந்துட்டேன். மேல போனாத்தான் எவனும் என்னைய அரைக்கிலோ குடு, ஒரு கிலோ குடுன்னு கேக்க மாட்டான். அதுக்காக உங்க உசுருக்கு வினை வைக்க மாட்டேன். சத்தத்தக் கொறைக்கிறேன். மூணு தடவ சோதிச்சுப் பாருங்க. இந்தத் தாயி காதுக்குக் கேக்காத அளவுக்கு வந்துட்டா பறக்க விடுங்க. மூணாந்தடவையும் கேட்டுச்சுன்னா, இந்த மேட்டுப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டேன்."

ஊர் ஒத்துக்கொண்டது. என்னைக் கேட்டா ஒத்துக்கொண்டது? உலகத்தில் எத்தனையோ பேருக்குக் காது இருக்க, உன்னை வெறுக்கிறவள் காதைப் போய்த் தராசாக வைத்தாயே, உனக்கு மூளை இருந்ததா?

சோதனை இப்படி என்று நீயே சொன்னாய். நான் கேரட் பாத்தி நடுவில் மேட்டுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். நீ எனக்குப் பின்னாலிருந்து பறந்து வருவாய். சத்தம் காதில் விழுந்த உடனே இவருடைய சிவப்புத் துண்டை உயரத் தூக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. துண்டைப் பார்த்ததும் நீ இறங்கிவிடுவாய்.

முதல் சோதனையை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. செண்பகனூரில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற அந்தோணியும் நீயும் சேர்ந்து பெரிய பஞ்சாமிர்த டின் ஒன்றைத் துளை போட்டு, உள்ளே கண்ணாடிப் பஞ்சைத் திணித்து, சைலன்சர் வாயில் வைத்துக் கட்டினீர்கள். பழனிக்காரன் புத்தி வேறெங்கே போகும்? நீ மேட்டைத் தாண்டும் முன்பே டின் சூட்டில் பிளந்து தகரம் தகரமாகத் தெறித்தது. எங்கள் தோட்டத்தில் விழுந்த ஒரு தகரத்தில் பாதி முருகன் படம் இருந்தது. நான் துண்டைத் தூக்கியதோடு நிற்காமல் தலைக்கு மேலே வைத்துச் சுற்றினேன். அந்தோணிதான் பாவம், "அக்கா, நான் அப்பவே சொன்னேன், இவருதான் கேக்கல" என்று தகரம் பொறுக்கினான்.

அதற்கப்புறம் நீ விளையாட்டை விட்டாய். வாரா வாரம் வந்தாய். எங்கள் வாசலில் சாக்கை விரித்து எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, யாரும் கேட்காமலே விளக்கினாய். "இதுக்கு மூணு வாய் இருக்கு தாயி. பொகைய விடுற வாய் ஒண்ணு, காத்த உறிஞ்சுற வாய் ஒண்ணு, காத்த அறையுற விசிறி ஒண்ணு. எல்லாரும் மொத வாயத்தான் அடைக்கிறான். மிச்ச ரெண்டும் கத்திக்கிட்டே கெடக்கு." புகை வாய்க்கு நல்ல கனத் தகட்டில் இரண்டடுக்கு சைலன்சர் வந்தது. உறிஞ்சுகிற வாய்க்குப் பிளாஸ்டிக் கேனில் பஞ்சு வைத்து ஒரு பெட்டி வந்தது. எஞ்சின் அதிர்ச்சி கூண்டுக்கு ஏறாமல் இருக்க ரப்பர் கட்டைகள் வந்தன. இரண்டாவது சோதனையில் எங்கேயோ தையல் மிஷின் ஓடுவது போல் லேசாகக் கேட்டது. கேட்டதுதானே? துண்டைத் தூக்கினேன். அதில் குற்றம் சொல்ல முடியாது.

எனக்குப் பொறுக்காதது வேறு. இடுப்பு உடைந்து மூலையில் கிடந்த மனுஷன், உன் வண்டிச் சத்தம் கேட்டால் தடியை ஊன்றி வாசலுக்கு வர ஆரம்பித்தார். நீ ஸ்பானர் கேட்டால் எடுத்துக் கொடுத்தார். விசிறியைச் சுற்றுகிற பெல்ட் சக்கரத்தைப் பெரிதாக்கிவிட்டு, நீளமான விசிறியை மெதுவாகச் சுற்றவிட்டால் அறைகிற சத்தம் குறையும் என்று நீ கணக்குப் போட்டபோது, பக்கத்தில் உட்கார்ந்து "அப்ப எறக்க கூண்டுல இடிக்காதா சார்?" என்று கேட்டவர் அவர்தான். நாலு மாதம் என்னிடம் நாலு வார்த்தை பேசாதவர். உன்னோடு சேர்ந்து சிரிக்கிறார். சிரிக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வார். அடுப்படியில் நின்று அதைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. இந்த ஆளைக் கெடுத்தவன் நீ, இந்த ஆளைச் சிரிக்க வைக்கிறவனும் நீயா? அப்போ நான் யார்?

ஒருநாள் அவர் என்னிடமே சொன்னார், "பாவம் புள்ள, நல்ல மனுசன். வேணும்னா செஞ்சாரு?"

"அப்ப யாரு செஞ்சா?" என்று கத்திவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு உன்னை இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

மூன்றாவது சோதனைக்கு முந்தின வாரம்தான் இந்த டப்பாவை முதலில் பார்த்தேன். டப்பாவிலிருந்து பாசிமணி அளவில் ஒரு பித்தளைத் துண்டை எடுத்து எஞ்சினில் பூட்டினாய். நடுவில் ஊசி முனையளவு துளை. "இதுதான் ஜெட்டு தாயி. பெட்ரோல் போற துவாரம். இங்க மலையில காத்து நொய்ஞ்ச காத்து, கொஞ்சமாப் பெட்ரோல் போதும். அதுக்குச் சின்னத் துவாரம். பழனிக்குக் கீழ எறங்கிட்டா காத்துக் கெட்டி. பெரிய துவாரம் போடணும். மறந்து சின்னதோட பறந்தா எஞ்சின் காஞ்சு, சூடேறி, பிஸ்டன் புடிச்சுக்கிரும்" என்றாய். கழற்றிய பெரிய ஜெட்டை டப்பாவில் போட்டு மூடி சட்டைப்பையில் வைத்தாய். எனக்கு என்ன வந்தது என்று நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் பார், ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது.

இப்போது அந்த நாள். மறு வருஷம் தை பிறந்து பனி வெள்ளனே விலகியிருந்தது, நல்ல வெயில். ஊர்க்காரர்கள் மேட்டில் நின்றார்கள். இவரும் தடியோடு நின்றார். நான் பாத்தி நடுவில் முதுகைக் காட்டி நின்றேன், துண்டு கையில். நீ கிளம்பிவிட்டாய் என்று அந்தோணி விசில் அடித்தான். காது வைத்தேன். என் பிறப்பில் அப்படிக் காது வைத்ததில்லை. சவுக்குத் தோப்பில் காற்று ஓடுவது கேட்டது. வெள்ளகவிப் பாதையில் சுமை ஏற்றிப்போகிற கோவேறு கழுதையின் மணி கேட்டது. ரொம்ப தூரத்தில் யாரோ விறகு பிளந்தார்கள். கேரட் இலையில் வண்டு ஊர்ந்தது. அவ்வளவுதான். உன் சத்தம் வரவில்லை. காட்டுமாடு நின்றிருந்தால் அன்றைக்கு அதன் சீறல் எனக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும்.

அப்போது என் காலடியில் ஒரு நிழல் வந்தது. வளைந்த, நீளமான நிழல். பின்னாலிருந்து வந்து, பாத்தி பாத்தியாக ஏறி இறங்கி, சத்தமே இல்லாமல் என்னைத் தாண்டிப் போனது. கீழே தொங்குகிற உன் உருவம்கூட அந்த நிழலில் தெரிந்தது.

துண்டைத் தூக்கினேன்.

நான் யோசித்துச் செய்தேனா என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். யோசித்துத்தான் செய்தேன். உன்னை மேட்டில் பறக்க விட்டால், எந்தக் குற்றமும் உன்னிடம் மிச்சமில்லாமல் போய்விடும். அப்புறம் அந்த மார்கழிக் காலையில் மிச்சமாக நிற்பது நானும் என் வாயும்தான். அதற்குப் பயந்து தூக்கினேன். நன்றாக உயர்த்தி, மேட்டில் நின்ற எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

நீ இறங்கி, மஞ்சள் துணியை அள்ளிச் சுருட்டிக்கொண்டு நடந்து வந்தாய். முகம் வேர்த்திருந்தது. "கேட்டுச்சா தாயி?" என்றாய். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாய். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம். சண்டை போட்டிருக்கலாமே? பொய் சொல்ற என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் நான் உடைந்திருப்பேன். "எந்த வாயி கேட்டுச்சு? விசிறியா, பொகையா?" என்று கேட்டாய்.

"எந்த வாயோ. கேட்டுச்சு" என்றேன்.

"நான் பெட்ரோலக் கொறச்சுத்தான வந்தேன்... சரி. சொன்ன சொல் சொன்னதுதான்."

இவர் மட்டும், "நல்லாக் கேட்டுச்சா புள்ள? எங்களுக்குக் கேக்கலையே" என்றார். அதோடு வாயை மூடியிருக்கலாம் நான். மூடவில்லை. "அம்புட்டு ஆசைன்னா கீழ அணைக்கட்டுத் தண்ணி மேல போய்ப் பறங்க சார். மீனு மனு எழுதாது" என்றேன். ஊர்க்காரர்கள் நாலு பேர் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அடிவாரத்து அணையைச் சொன்னேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதைப் போய் ஒரு யோசனையாக எடுத்துக்கொள்வாய் என்று யார் கண்டது?

எஞ்சினை வேனில் ஏற்றும் முன் எங்கள் வாசல் சுவரில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாய். குனிந்தபோது உறுத்தியதோ என்னவோ, சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துப் பக்கத்தில் வைத்தாய். எழுந்து போய்விட்டாய். சாயங்காலம் கோழி அடைக்கப் போனபோது பார்த்தேன். அந்தோணி கடைக்கு யாரிடமாவது கொடுத்துவிட்டிருக்கலாம். மறுநாள் விடிந்ததும் நீ பழனிக்கு இறங்குகிறாய் என்று எனக்குத் தெரியும். வேண்டுமென்றால் வந்து கேட்கட்டும் என்று சீரகப் பாட்டிலுக்குப் பின்னால் வைத்தேன்.

நீ வரவில்லை. மூன்றாம் நாள் அந்தோணி வந்தான். வந்தவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். அணைக்கட்டுத் தண்ணீருக்கு மேலே உன் எஞ்சின் நின்றுவிட்டதாம். கரைக்குத் திரும்ப உயரம் போதவில்லையாம். தண்ணீரில் இறங்கினாயாம். முதுகில் அத்தனை கனம், மார்பிலும் தொடையிலும் பக்கிள். மீன் பிடிக்கிறவர்கள் பரிசலில் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, மேலே ஒருத்தர் போனதே தனக்குத் தெரியாது, சத்தமே இல்லை, தண்ணீரில் தொப்பென்று விழுந்தபோதுதான் பார்த்தேன் என்று சொன்னாராம்.

அதைக் கேட்டு இவர் அழுதார். காலை நீட்டி உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்து அழுதார். அதே சிவப்புத் துண்டு.

பத்து நாள் கழித்து உன் தம்பி எஞ்சினை அந்தோணியிடம் கொண்டுவந்து போட்டாராம். பிரித்துப் பார்த்துவிட்டு அந்தோணி எங்களிடம் சொன்னான், "மலை ஜெட்டோட ஓட்டிருக்காருக்கா. பிஸ்டன் கருகிக் கெடக்கு. கீழ் ஜெட்டு எங்க போச்சுன்னு தெரியல. அவரு அப்படி மறக்கிற ஆளே கெடையாது." நான் அப்போது அலமாரிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது நான் கேட்கிறேன், பதில் சொல். நீ மறக்கவில்லை. பையைத் தடவிப் பார்த்திருப்பாய். டப்பா எங்கே இருக்கிறது என்றும் உனக்குத் தெரிந்திருக்கும். பழனியிலிருந்து மேலே வர அரை நாள் வழிதான். வந்து வாசலில் நின்று, 'தாயி, டப்பாவ விட்டுட்டேன்' என்று கேட்டிருந்தால் மூஞ்சியில் அடிக்கிற மாதிரியாவது கொடுத்திருப்பேன். ஒரு தடவைதானே, ஒன்றும் ஆகாது என்று நினைத்தாயா? 'ஒண்ணுமில்ல, போங்க' என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டாயா? எனக்கு ஜீப்காரன் ஹாரன் அடித்தான். உனக்கு யார் அடித்தது? என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் நீ வரவில்லை என்று ராத்திரி முழுக்கப் புரண்டிருக்கிறேன். அப்படி இருந்தால் அதையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். வாய் திறந்து ஒரு சண்டை போட்டிருக்கலாம் நீ. நல்லவனாக இருந்தே என்னைக் கெடுத்தாய்.

ஊரில் என்ன பேச்சு தெரியுமா? 'செல்வி காது லேசுப்பட்ட காது இல்ல, ஊருக்கே கேக்காதது அவளுக்குக் கேட்டுச்சு' என்கிறார்கள். இன்னமும் வரிசையில் நான்தான் காது வைக்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் லேசில் 'ஒண்ணுமில்ல' என்று சொல்லமாட்டேன். ஜீப்காரன் ஹாரன் அடித்து அடித்துக் கை ஓய்ந்தாலும் நிற்க வைப்பேன். "என்னாக்கா இன்னும்?" என்று சிறுசுகள் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும். சீறலோ இலைச் சத்தமோ இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிகிறவரைக்கும் ஒருவரும் இறங்கக் கூடாது.

இன்று அந்தப் புல் மிஷின் நின்ற பிறகு, டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டு பாத்திக்குப் போனேன். பனி விலகி வெயில் ஏறியிருந்தது. களை பிடுங்கக் குனிந்த நேரம் ஒரு நிழல் கேரட் இலை மேல் ஓடியது. பருந்துதான். என் கை தானாக மேலே எழுந்தது. இழுத்து இறக்கினேன். கீழ்ப் பாத்தியில் தடியை நட்டுவிட்டு உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்த இவர், "என்னா புள்ள, என்னாத்தப் பாக்குற?" என்றார்.

வாயில் வந்த 'ஒண்ணுமில்ல'யை விழுங்கினேன். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து டப்பாவை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவருக்கு அது என்ன என்று உடனே தெரிந்துவிட்டது. எத்தனை தடவை உனக்கு எடுத்துக் கொடுத்தவர். எல்லாவற்றையும் சொன்னேன், மார்கழியிலிருந்து. அவர் மூடியைத் திறந்து ஜெட்டைப் பார்த்துவிட்டு மூடினார். கடைசியில், "அத எங்கிட்ட சொல்லி என்ன, அவர்ட்ட சொல்லணும்" என்றார். டப்பாவை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அதனால்தான் உட்கார்ந்து எழுதினேன். திட்டியதில் ஒரு வார்த்தையும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். ஆனால் நீங்கள் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் சரியான பதில் சொல்லவில்லை.

கேக்கல, சார். எந்த வாயும் கேக்கல.